பாசிமணிக்கு ஒரு பந்தல் வேண்டும்!

ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில், கொடுமணல் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து மணி வந்தது! பளிங்கு மணி, பச்சைக்கல் மணி, சூதுபவள மணி; துளையிட்ட மணி, துளையிடாத மணி, பாதி செதுக்கிப் போட்டுவிட்டுப் போன மணி! அதாவது, மணியை வாங்கி அணிந்த ஊர் மட்டுமல்ல அது. மணியைச் செய்த ஊர்! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பட்டறை இருந்திருக்கிறது. புதுவைக்குப் பக்கத்திலே அரிக்கமேடு. 1945இல் வீலர் என்ற ஆங்கிலேய அறிஞர் அங்கே அகழ்ந்தார். அந்த ஊரிலும் மணி! கண்ணாடியை உருக்கி, இழையாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்த சின்னஞ்சிறு மணிகள். அந்த வகை மணிகள் கடல் கடந்து கிழக்காசியா வரை போயிருக்கின்றன.

மேடைதோறும் இதைச் சொல்கிறோம். கேட்பவர் நெஞ்சு நிமிர்கிறது. கைதட்டல் கொட்டகையைப் பிளக்கிறது. தட்டட்டும், தட்டத்தக்க செய்திதான்!

ஆனால், தோழர்களே, கூட்டம் முடிந்து வெளியே வருகிறோமே, அந்தத் தெருமுனையிலே, சாக்கடைப் பலகைக்குப் பக்கத்திலே, கிழிந்த பாயொன்றை விரித்து, மடியிலே குழந்தையும் கையிலே குறடுமாக ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாளே, அவளை நாம் பார்க்கிறோமா? அவள் கையிலும் மணிதான் இருக்கிறது. மண்ணுக்குள் கிடந்த மணிக்கு அருங்காட்சியகத்திலே கண்ணாடிப் பெட்டி. கண்ணெதிரே கோக்கப்படும் மணிக்குக் கால்நடைப் பாதையின் ஓரம்!

யாரைச் சொல்கிறோம் என்று புரிந்திருக்கும். நரிக்குறவர் என்றும் குருவிக்காரர் என்றும் நாம் அழைக்கிறோமே, அந்த மக்களைத்தான். நாம் வைத்த பெயர்கள் அவை. அவர்கள் தங்களை 'வாகிரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டிலே பேசும் மொழி வாகிரிபோலி. குஜராத்தி, மராத்தி மொழிகளுக்கு உறவான மொழி. குறிஞ்சி நிலத்துக் குறவர் வேறு, இவர்கள் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம் வழக்கம். இரு சாராருக்கும் அதனால் மனக்குறை. வடமேற்கிலிருந்து தெற்கே வந்த கூட்டத்தின் வழிவந்தவர்கள் இவர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கொடுமணலின் சூதுபவளக் கல்லும் குஜராத்துப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அதே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வந்த கல்லைக் கொண்டாடுகிறோம். வந்த மக்களை?

இவர்கள் என்றைக்கும் மணி மட்டுமே விற்றவர்கள் அல்லர். வேட்டைதான் இவர்கள் தொழில். கண்ணியும் வலையும், பிற்பாடு நாட்டுத் துப்பாக்கியும், இவர்கள் கருவிகள். காடை, கௌதாரி, நரி, முயல். வயலில் விளைந்ததைத் தின்னவந்த பறவையை விரட்ட இவர்களையே அழைத்த மிராசுதாரர்கள் உண்டு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுயிரைக் காக்க அப்படி ஒரு சட்டம் தேவைதான். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், ஒரு சட்டம் போட்டு ஒரு கூட்டத்தின் தொழிலை நிறுத்தும்போது, அந்தக் கூட்டம் நாளை எதைச் செய்து பிழைக்கும் என்று ஒரு வரியாவது எழுதவேண்டாமா? ஆலையை மூடினால் நட்டஈடு கேட்கிறோம், கொடி பிடிக்கிறோம், வாயிற்கூட்டம் போடுகிறோம். காட்டை மூடியபோது யார் கொடி பிடித்தார்கள்? எவருமில்லை! அவர்களாகவே பக்கத்தொழிலாக இருந்த பாசியையும் ஊசியையும் முழுத்தொழிலாக்கிக் கொண்டார்கள். அதிகாரி வந்து பயிற்சி கொடுக்கவில்லை. அவர்களாகவே பிழைத்துக்கொண்டார்கள்.

சிலர் சொல்கிறார்கள்: "அவர்கள் எங்கே செய்கிறார்கள்? வாங்கித்தானே விற்கிறார்கள்?" இந்தக் கேள்வியைக் கேட்பவர் சட்டை அணிந்திருக்கிறார். அந்தச் சட்டையைத் தைத்த தையற்காரர் துணியை நெய்தாரா? தங்கச் சங்கிலி செய்யும் பத்தர் கோலாரில் இறங்கித் தங்கம் வெட்டினாரா? மணி வேறிடத்திலிருந்து வருகிறது, உண்மை. உத்தரப்பிரதேசத்து ஹாத்ரஸ் மாவட்டத்திலே புர்தில்நகர் என்ற ஊரில் கண்ணாடி மணி செய்கிறார்கள். ஆந்திரத்தில் காளத்திப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் உலை வைத்துக் கண்ணாடியை இழையாக இழுத்து மணி நறுக்கும் பழைய முறை நெடுங்காலம் நிலைத்திருந்தது. அரிக்கமேட்டு மணி எப்படிச் செய்யப்பட்டது என்று அறிய விரும்பிய ஆய்வாளர்கள் அந்த ஊரைத்தான் தேடிச் சென்றார்கள். உருத்திராக்கக் கொட்டை நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. இப்படி வந்த மணியை மொத்தக் கடையில் எடைக்கு வாங்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் வேலை இருக்கிறது.

அந்த வேலையை நாம் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் மணியைத் தரம் பிரிக்கிறார்கள். பருத்தது நடுவுக்கு, சிறுத்தது ஓரத்துக்கு, உடைந்தது ஒதுக்கத்துக்கு. பிறகு மெல்லிய கம்பியை விரலளவுக்கு வெட்டுகிறார்கள். ஒரு துண்டுக் கம்பி, அதிலே ஒரு மணி. கம்பியின் ஒரு முனையைக் குறட்டால் பிடித்து ஒரு சுற்று, வளையம் விழுகிறது. அந்த வளையத்துக்குள் அடுத்த கம்பி. அதிலே அடுத்த மணி. மறுபடி சுற்று. வளையம் பெரிதானால் மணி ஆடும். சிறிதானால் மாலை வளையாது, விறைத்து நிற்கும். கம்பி முனையை உள்ளே மடித்து அமுக்கவேண்டும். இல்லையேல் அணிபவர் கழுத்தைக் கீறும். நூற்றெட்டு மணியென்றால் இருநூற்றுப் பதினாறு வளையம்! இதை அந்தப் பெண்கள் கையைப் பார்க்காமலே செய்கிறார்கள். வாய் பேரம் பேசுகிறது, கண் குழந்தையைத் தேடுகிறது, கை வளையம் போடுகிறது. இதற்கு ஒரு பட்டயப் படிப்பு வைத்து, சுவரிலே சான்றிதழ் மாட்டியிருந்தால், "ஆகா, கைவினைக் கலைஞர்!" என்றிருப்போம். பள்ளிக்கூடம் பாயாகவும், ஆசிரியை அம்மாவாகவும் இருப்பதால், "ஊசி பாசி" என்று சொல்லிவிட்டு நடக்கிறோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். உழைப்பவர்க்குக் கணக்குத்தானே உயிர்! தொகையை எடுத்துக்காட்டுக்காக நாம் போடுகிறோம். முறை அவர்கள் வாழ்க்கையில் உள்ளது. ஒரு மாலைக்கு மணி, கம்பி, கொக்கி எல்லாம் சேர்ந்து 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ரூபாய் என்று சொல்கிறார் அந்தப் பெண். நாம் என்ன செய்கிறோம்? "ஐம்பதுக்குக் கொடு" என்கிறோம். நகைக்கடையிலே செய்கூலி, சேதாரம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாய்திறவாமல் பணத்தை எண்ணிவைக்கும் நாம், இங்கே மட்டும் பேரத்தில் சிங்கம்! இழுத்துப் பறித்து நூறு ரூபாய்க்குப் பேரம் படிகிறது. அவருக்கு நிற்பது 40. அன்று மூன்று மாலை விற்றால் 120. தரைக்கு வாடகை 100 ரூபாய். மீதி 20! அதிலே தேநீர், குழந்தைக்குப் பன், ஊருக்குத் திரும்பப் பேருந்துச் சீட்டு. மழை வந்தால் அதுவும் இல்லை.

தரை வாடகை என்றோமே, அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஏனெனில் இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பாசிமணிக்காரருக்கு நிலையான கடை கிடையாது. கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கே கடை. சித்திரையில் மதுரை, ஆவணி மாதக் கடைசியில், அதாவது செப்டம்பர் எட்டாம் நாளை ஒட்டி, வேளாங்கண்ணி, கார்த்திகையில் திருவண்ணாமலை, அதைத் தொடர்ந்து மலையாளத்துச் சபரிமலைப் பாதை, தையில் பழனி. குற்றாலத்தில் அருவி விழும் மாதங்களில் குற்றாலம். ஆண்டு முழுவதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இந்த வட்டத்தில் சுற்றுகிறார்கள். இந்து, கிறித்தவம், இசுலாம் என்ற பாகுபாடு இந்த வியாபாரத்தில் இல்லை. பதிகத்துக்கு உருத்திராக்கம், செபத்துக்குச் செபமாலை, தர்காவுக்குத் தஸ்பீ! மூன்றையும் ஒரே பாயில் விரித்து வைத்திருக்கும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். மத நல்லிணக்க மாநாடு நடத்துகிறவர்கள் போய்ப் பார்க்கவேண்டிய பாய் அது!

ஆனால் திருவிழாத் திடலில் தரை சும்மா கிடைப்பதில்லை. கடைகளிடம் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் குத்தகைதாரர். அவர் கையில் சீட்டுப் புத்தகம். சில ஊர்களில் சீட்டும் இல்லை. கை மட்டும் நீளும். ராட்டினக்காரருக்கு ஓர் இடம், அல்வாக் கடைக்கு ஓர் இடம், பாத்திரக் கடைக்கு ஓர் இடம் என்று நீளமளந்து கொடுத்தபின், மிச்சமிருக்கும் மூலை முடுக்கில், மின்விளக்கு எட்டாத இருட்டில், இவர்கள். அங்கும் நிரந்தரமில்லை. "எழுந்திரு, தள்ளு, சாமி வருது" என்பார் ஒருவர். "வண்டி வருது" என்பார் இன்னொருவர். தடியோடு ஒருவர் வந்தாரென்றால் அவர் காரணமும் சொல்லமாட்டார். பாயின் நான்கு முனையையும் பிடித்து ஒரே இழுப்பில் மூட்டையாக்கி ஓடவேண்டும். அந்த ஓட்டத்தில் கொட்டிய மணியை யார் எண்ணுவது?

அப்படி ஒரு திடலில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். "வியாபாரம் எப்படியம்மா?" என்றோம். "இடத்துக்குக் காசு குடுத்தாச்சு சாமி. மணிக்கு யாரு குடுக்கப்போறா?" என்றார். வயிற்றெரிச்சலோடு சொல்லவில்லை, நாள் என்ன கிழமை என்ன என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் நம்மைச் சுட்டது.

"சாமி" என்றார் பாருங்கள்! நம்மைவிட இரு மடங்கு வயதுடையவர். நாம் வாங்கவந்தவர், அவர் விற்பவர். இதிலே யார் சாமி, யார் பக்தர்? துணிக்கடைக்காரர் நம்மைச் "சார்" என்கிறார், நாமும் அவரைச் "சார்" என்கிறோம், கணக்கு நேர். இந்த அம்மையார் "சாமி" என்கிறார், நாம் "ஏய், இது என்ன விலை?" என்கிறோம். "ங்க" போடுவதற்கு நாக்குச் சுளுக்கிக்கொள்கிறது! சுயமரியாதை பேசும் வீட்டுப் பிள்ளைகளே இப்படி அழைப்பதைக் கேட்டிருக்கிறோம். "அம்மா" என்றோ "அக்கா" என்றோ அழைத்துப் பாருங்கள். முதலில் சற்று விழிப்பார்கள். ஏதோ காரியமாக வந்திருக்கிறான் என்று ஐயப்படுவார்கள். பழக்கமில்லையே!

இன்னொரு வேடிக்கை. 1968இல் 'ஒளிவிளக்கு' படம் வந்தது. மக்கள் திலகமும் கலைச்செல்வியும் நரிக்குறவர் வேடத்தில் ஆடினார்கள். கழுத்து நிறையப் பாசிமணி! கொட்டகை அதிர்ந்தது. அதற்கு முன்பும் பின்பும் எத்தனை படத்தில் அந்த வேடம்! மாறுவேடப் போட்டியா, பள்ளி ஆண்டுவிழாவா, கூப்பிடு அந்த வேடத்தை! வேடத்துக்கு வரவேற்பு. உண்மையான ஆள் வந்தால்? 2023 மார்ச் 30ஆம் நாள், சென்னையில் ஒரு திரையரங்கின் வாசலில், சீட்டுக் கையில் வைத்திருந்த அந்த மக்களை உள்ளே விட மறுத்தார்கள். ஒருவர் அதைப் படம் பிடித்து வெளியிட்டார், நாடு பார்த்தது, பிறகுதான் உள்ளே விட்டார்கள். திரையில் ஏறலாம், கொட்டகைக்குள் ஏறக்கூடாது!

2021இல் மாமல்லபுரத்திலும் இதே கதைதான். கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்த பாசிமணி விற்கும் இளந்தாய் ஒருவரை எழுப்பி விரட்டினார்கள். அந்தப் பெண் வாய்திறந்து நியாயம் கேட்டார். அது காட்சியாகப் பரவியது. அமைச்சர் சேகர்பாபு அதே இடத்தில் அவரோடு அமர்ந்து உண்டார். நவம்பர் 4ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அந்த மக்கள் வாழும் பூஞ்சேரிக்கே சென்று வீட்டுமனைப் பட்டாவும் சான்றிதழும் வழங்கினார். நல்ல செயல், நாம் மகிழ்ந்தோம். ஆனால் ஓர் ஊர் பூஞ்சேரி. ஒரு பெண் பேசியதால் அந்த ஊருக்கு வழி பிறந்தது. பேசாதவர்கள் இருக்கும் ஊர்கள் எத்தனை!

சட்டம் இவர்களை எவ்வளவு காலம் காக்கவைத்தது என்பதையும் சொல்லவேண்டும். 1965இல் லோகூர் குழு இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. அன்று பிறந்த குழந்தை பள்ளிக்குப் போயிருந்தால், படித்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றிருக்கும்! 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. 2023 தொடக்கத்தில் சட்டமாயிற்று. ஐம்பத்தேழு ஆண்டு! இப்போதும் தாலுகா அலுவலகத்துப் படியேறிச் சான்றிதழ் வாங்கவேண்டும். திருவிழாவுக்குத் திருவிழா நகரும் குடும்பத்திடம் "நிலையான முகவரி எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் அப்படித்தான் அறுந்து அறுந்து நிற்கிறது. கார்த்திகை மாதம் முழுவதும் பிள்ளை பாயில்; வாத்தியார் ஏட்டில் 'வரவில்லை'.

விற்பதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். நல்ல சட்டம்; நம் தோழர்கள் பலரும் படிக்காத சட்டம். நகர விற்பனைக் குழு என்று ஒன்று அமைக்கவேண்டும் என்கிறது. அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும், தங்களுக்குள்ளே தேர்ந்தெடுத்து! அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை எவரையும் எழுப்பக்கூடாது. உரிமையோடு விற்பவரைப் போலீசாரோ வேறு எவரோ தொல்லைப்படுத்தக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது.

பிறகென்ன? ஓட்டை எங்கே? ஒரே ஊரில், ஒரே முக்கில், நாள் தவறாமல் இட்லி விற்கும் அம்மாவை மனத்தில் வைத்து இந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. சுற்றித் திரிந்து விற்பவருக்கும் சான்றிதழ் உண்டுதான்; ஆனால் அந்தந்த நகர விற்பனைக் குழு அந்தந்த ஊருக்குத்தான் கொடுக்கும். பாசிமணிக்காரருக்கு மதுரையில் ஒன்று, திருவண்ணாமலையில் ஒன்று, பழனியில் ஒன்று என்று எத்தனை வாங்குவது? கணக்கெடுக்க அதிகாரி வரும் நாளில் அவர் எந்த ஊரில் இருப்பார்? ரயில் நிலையத்துக்கும் ரயிலுக்கும் இந்தச் சட்டம் செல்லாது என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். ரயில் பெட்டியில் உரிமமில்லாமல் விற்பதை 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் குற்றமாக்கியது. ஆக, தரையில் உட்கார்ந்தால் வாடகை, தண்டவாளத்தில் ஏறினால் வழக்கு!

தெருவோர வியாபாரிகளுக்கு வங்கிக் கடன் தரும் மைய அரசுத் திட்டம் 2020இல் தொடங்கியது. முதல் தவணை 10,000 ரூபாய். 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள். மணி மொத்தமாக வாங்க அந்தத் தொகை பெரிய உதவி, வட்டிக்காரரிடம் போகவேண்டாம். ஆனால் அதற்கும் விற்பனைச் சான்றிதழோ, நகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். மறுபடியும் அதே கதவு. அதே பூட்டு.

இதற்கிடையில் அதே மணி வேறொரு வாசல் வழியாக மாளிகைக்குள் நுழைந்துவிட்டது என்பதைத் தோழர்கள் கவனித்தீர்களா? பெருநகரங்களில் குளிரூட்டிய மண்டபத்தில் 'கைவினைச் சந்தை' நடக்கிறது. நுழைவாயிலில் மாவிலைத் தோரணம். மேசை, மேசைமேல் வெள்ளைத் துணி, துணிமேல் சிறு விளக்கு, பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதிலே பாசிமணி! ஒவ்வொன்றுக்கும் நூலில் கட்டிய விலைச்சீட்டு. சீட்டிலே போட்ட விலைக்குப் பேரம் இல்லை. விற்பவர் படித்த இளம்பெண். ஓய்வு நேரத்தில் தானே கோத்தது என்கிறார். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. அவரும் உழைக்கிறார், அவர் மாலையும் அழகாக இருக்கிறது. நாம் கேட்பதெல்லாம், அந்த மேசைக்கும் இந்தப் பாய்க்கும் நடுவிலுள்ள இரண்டடி உயரம் விலையை எப்படி இத்தனை மடங்கு உயர்த்துகிறது என்பதுதான். தரையில் கிடப்பதைக் குனிந்து, கீழே பார்த்துப் பேசுகிறோம். மேசையில் இருப்பதை நிமிர்ந்து, நேரே பார்த்துப் பேசுகிறோம். அந்த மண்டபத்தில் ஒரு மேசைக்கு வாடகை ஆயிரக்கணக்கில். பாய்க்காரர் அங்கே எப்படிப் போவார்?

கருங்காலி மாலை மோகம் வந்ததே, நினைவிருக்கிறதா? நடிகர் அணிந்தார், நாடே அணிந்தது! தோஷம் போகும், தொழில் பெருகும் என்றார்கள். பெருகியது யார் தொழில்? வீட்டில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் வாங்கினார்கள். 'அசல் என்று சான்று' என்ற அட்டையும் பெட்டியில் வந்தது. சாயம் பூசிய வேறு மரமும் அந்தப் பெட்டிகளில் வந்தது என்பது பிறகு வெயிலில் வியர்த்துச் சட்டை கறுத்தவர்களுக்குத் தெரியும். பாசிமணிக்காரம்மா அதே மாலையைப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்றபோது, "போலி" என்று ஒதுங்கினவர்களும் அவர்களே. மாலையால் தோஷம் போகும் என்பதை நாம் ஏற்பதில்லை. அழகுக்கு அணியுங்கள், ஆசைக்கு அணியுங்கள். ஏமாறுவதாக இருந்தாலும் ஏழையிடம் மட்டும் ஏமாறமாட்டேன் என்ற பிடிவாதம் என்ன பிடிவாதமோ!

அரசுக்கு வழி தெரியாமலில்லை. பூம்புகார் நிறுவனம் 1973 முதல் இருக்கிறது. பஞ்சலோகச் சிலைக்கும் தஞ்சைத் தட்டுக்கும் அது அங்காடி கொடுத்திருக்கிறது. பாசிமணிக்கும் அங்கே நிலையான ஓர் இடம் கொடுப்பதில் என்ன முடை? மைய அரசின் கைவினைத் துறை 'பெஹ்சான்' என்றோர் அடையாள அட்டை கைவினைஞர்களுக்கு வழங்குகிறது. அது கையிலிருந்தால் அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்க வழி பிறக்கும். திருச்சிப் பக்கத்துத் தேவராயநேரி போன்ற குடியிருப்புகளில் அதிகாரிகள் ஒரு வாரம் உட்கார்ந்தால் கையில் குறடு பிடித்த அத்தனை பேருக்கும் எழுதிக் கொடுத்துவிடலாம். டெல்லியில் 1994இல் 'தில்லி ஹாட்' என்ற சந்தையைத் தொடங்கினார்கள். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு மாற்றி மாற்றிக் குறைந்த வாடகையில் இரண்டு வாரம் கடை கொடுக்கும் முறை அங்கே இருக்கிறது. அதை மதுரைக்கும் மாமல்லபுரத்துக்கும் கொண்டுவரப் பெரிய பொறியியல் தேவையில்லை. ஒரு கொட்டகையும் ஓர் உத்தரவும் போதும்.

அதைவிட அவசரமானது திருவிழாத் தரை. ஏல நிபந்தனையிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: கையால் கோத்த மணி விற்பவருக்கு, வெளிச்சமுள்ள பகுதியில், பத்துக்கடை அகலத்துக்கு ஒரு பந்தல்; கட்டணம் இல்லை, அல்லது பெயரளவுக்கு. குத்தகைத் தொகையில் அதனால் என்ன பெரிய துண்டு விழுந்துவிடும்? ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றினால் வந்துவிடும்! பந்தலுக்குள் பலகை போடுங்கள். பாய் பலகைக்கு ஏறட்டும். பக்கத்தில் ஒரு தொட்டில் கட்ட இரண்டு கழி. மழைக்கு ஒரு தார்ப்பாய். மாநிலம் முழுவதும் செல்லும் ஒரே விற்பனைச் சான்றிதழ் வேண்டும் என்பதற்குச் சட்டமன்றத்தில் பேசவேண்டும்; அதற்கு நாளாகலாம். பந்தலுக்கு நாளாகாது. நகர்மன்றத்தில் நம்மவர் இருக்கும் ஊரெல்லாம் அடுத்த ஏலத்துக்கே செய்யலாம்.

தொழிற்சங்கத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் சங்க ஆண்டுவிழாவுக்குத் தலைவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். கைத்தறிக்கு ஆதரவென்று கைத்தறித் துண்டாகவே போர்த்துகிறீர்கள். நெசவாளி வயிறு நிறைய அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள், இன்றும் நிற்கிறது. விழா மேடைக்கு வரும் பெண்களுக்கும், பரிசு வாங்கும் மாணவிகளுக்கும் ஒரு பாசிமணி மாலை வாங்கிக் கொடுத்தால் என்ன? மொத்தமாக நூறு மாலை, முன்பணம் கொடுத்து, நேரே குடியிருப்பிலேயே சொல்லி. இடையில் ஆள் வேண்டாம். விலையை அவர்கள் சொல்லட்டும். கூலிக்குப் போராடும் நீங்கள் கூலியைக் குறைத்துப் பேசமாட்டீர்கள் என்று நம்புகிறோம்!

ஊர்க் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஊரில் அடுத்த திருவிழா ஏலத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே நகராட்சி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். நகர விற்பனைக் குழு அமைத்தாயிற்றா என்று கேளுங்கள். அமைத்ததாகச் சொன்னால் பெயர்ப் பட்டியலை வாங்கிப் படியுங்கள். வியாபாரிகளின் பெயர் சட்டம் சொன்ன அளவுக்கு இருக்கிறதா, அதில் பெண்கள் எத்தனை பேர், பாசிமணி கோப்பவர் ஒருவராவது உண்டா என்று பாருங்கள். சென்ற ஆண்டு தரைக்கட்டணம் என்று எவ்வளவு வசூலித்தார்கள், சீட்டுக் கொடுத்தார்களா என்பதைத் திடலில் விற்றவர்களிடமே விசாரியுங்கள். எழுதி அனுப்புங்கள், ஊர்ப் பெயரோடு வெளியிடுவோம்.